கேபிளை மாற்றிச் செருகுவது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் பெற்றிருக்கிறீர்களா? இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் மாட்டிய சிறிய பெட்டியைப் பாருங்கள். அதில் மெல்லிய கேபிள் ஒன்று செருகப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதன் முனையில் பச்சை நிறக் கனெக்டர் இருக்கும். "இதை மட்டும் மடக்கிடாதீங்க சார்" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் சொன்னது சரி. அதனுள் செம்புக் கம்பி இல்லை. கண்ணாடி இழை இருக்கிறது. நீங்கள் கேட்கும் இணையப் பக்கம் அந்த இழை வழியே ஒளியாக வருகிறது.

அந்த இழையின் கண்ணாடி 0.125 மில்லிமீட்டர் கனம்தான். அதிலும் ஒளி செல்லும் நடுப்பகுதி சுமார் 0.009 மில்லிமீட்டர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கனெக்டரைக் கழற்றி முனையைக் கையால் தொட்டால், விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே ஒளியைத் தடுக்கப் போதுமானது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது கேபிளைக் கழற்றி முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது. தெரியாததாலேயே ஆபத்து.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கேபிள் இருக்கிறது. அடுத்த முனையில், கூகுள் போன்ற நிறுவனங்களின் டேட்டா சென்டர் ஒன்றில், இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். சர்வர்கள் எனப்படும் கம்ப்யூட்டர்கள் இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும். இந்த அலமாரிக்கு ரேக் என்று பெயர். ஒரு ரேக்கில் உள்ள சர்வர்கள் ஒரு ஸ்விட்ச்சில் சேரும். அந்த ஸ்விட்ச்சிலிருந்து கண்ணாடி இழைகள் அடுத்த நிலை ஸ்விட்ச்சுகளுக்குப் போகும். வழியில் பேட்ச் பேனல் என்ற பலகை இருக்கும். வரிசை வரிசையாகத் துளைகள் கொண்ட பலகை. எந்த இழை எந்த இழையுடன் சேர வேண்டுமோ, அந்த இரண்டு துளைகளுக்கு இடையே ஒரு சிறு கேபிளைச் செருகுவார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு ஒயரைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், டெலிபோனில் அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் வழி 1891-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை பெற்றவர் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். எஞ்சினியர் அல்ல, இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்து கொடுக்கும் தொழில் நடத்தியவர். ஆனால், உலகின் மிக நவீனமான டேட்டா சென்டர்களில், நூறாண்டுகள் கழித்தும் மனிதக் கைதான் கேபிளைச் செருகிக் கொண்டிருந்தது. சர்வரை சாப்ட்வேர் மூலம் நிறுவலாம், நிறுத்தலாம், வேறு வேலைக்கு மாற்றலாம். கேபிள் மட்டும் சாப்ட்வேரின் பேச்சைக் கேட்காது.

நான் பார்த்த ஓர் இரவு

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2021-ல் சென்னையில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு 1 மணி முதல் 4 மணி வரை பராமரிப்பு நேரம். பழைய ஸ்விட்ச் ஒன்றிலிருந்து 24 இணைப்புகளைப் புதிய ஸ்விட்ச்சுக்கு மாற்ற வேண்டும். நான் லேப்டாப்பில் எக்ஸெல் பட்டியலைத் திறந்து வைத்து எண்களைப் படிக்க வேண்டும். டெக்னீஷியன் ஒருவர் ஏணியில் நின்று அந்தக் கேபிளை எடுத்து மாற்ற வேண்டும். அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், கான்ட்ராக்ட் ஊழியர். நான் அவரை அண்ணே என்பேன்.

பதினேழாவது இணைப்பை எடுத்தபோது, எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஓர் இணைப்பு திரையில் சிவப்பாக மாறியது. அது ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களுக்கான இணைப்பு. சில மாதங்களுக்கு முன் ஏதோ அவசரத்தில் யாரோ கேபிளை வேறு துளைக்கு மாற்றியிருக்கிறார்கள், பட்டியலைத் திருத்தவில்லை. "தம்பி, நீங்க சொன்ன நம்பரைத்தானே எடுத்தேன்?" என்று கேட்டார். ஆம், நான் சொன்ன எண்தான். உடனே திரும்பச் செருகினோம். சிவப்பு போகவில்லை. பதற்றத்தில் கழற்றிச் செருகியதில் முனையில் தூசி படிந்துவிட்டது என்று கண்டுபிடித்துத் துடைத்து முடிக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. மருத்துவமனையில் அந்த நேரம் முழுவதும் பேப்பரில் எழுதிச் சமாளித்ததாக மறுநாள் தெரிந்தது.

அறிக்கையில் காரணம் 'மனிதத் தவறு' என்று எழுதப்பட்டது. எழுதப்பட்ட பெயர் அண்ணனுடையது. எண்ணைப் படித்தவன் நான், தவறாக இருந்தது பட்டியல் என்று நான் அப்போது எழுந்து சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கேபிள்களை இயந்திரமே மாற்றும் முறைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கையால் செய்வதற்கு நேரமாகிறது என்பது பாதிப் பிரச்னைதான். பட்டியல் ஒன்றைச் சொல்லும், கேபிள் வேறொன்றைச் சொல்லும் என்பது மீதிப் பாதி. எனக்கு அதுவே பெரிய பாதியாகத் தோன்றுகிறது.

ஆடும் கண்ணாடிகள்

கூகுள் நிறுவனம் இதற்குக் கண்டுபிடித்த வழி, கேபிளைத் தொடாமல் ஒளியைத் திருப்பிவிடுவது. இதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி உதவுகிறது. (இழையும் கண்ணாடி, இதுவும் கண்ணாடி, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், இதனை இனி ஆடி என்றே எழுதுகிறேன்.) மெம்ஸ் என்ற தொழில்நுட்பத்தில், சிப் செய்வது போலவே சிலிக்கானில் மிக நுண்ணிய ஆடிகளைச் செய்யலாம். ஒவ்வொன்றையும் மின்சாரத்தால் மேலும் கீழும், இடமும் வலமுமாகச் சிறிது சாய்க்கலாம். ஓர் இழையிலிருந்து வரும் ஒளி முதல் தொகுதி ஆடிகளில் ஒன்றின் மேல் விழும். அது சாய்ந்திருக்கும் கோணத்திற்கேற்ப, இரண்டாவது தொகுதியில் உள்ள ஓர் ஆடிக்குத் தெறிக்கும். அங்கிருந்து வேறோர் இழைக்குள் நுழையும். கோணத்தை மாற்றினால் இணைப்பு மாறிவிடும். சிறு வயதில் ஆடியில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடித்து விளையாடியிருப்போமே, அதேதான்.

பாலமர் என்று கூகுள் பெயரிட்ட இந்தப் பெட்டி, 136 நுழைவு வழிகளில் எதனையும் 136 வெளி வழிகளில் எதனுடனும் இணைக்கும். ஆடி சரியான கோணத்தில் நிற்கிறதா என்று உள்ளே இருக்கும் கேமராக்கள் பார்த்துக் கொண்டே இருக்கும், விலகினால் திருத்தப்படும்.

சாதாரண ஸ்விட்ச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஸ்விட்ச்சில் ஒளி வந்ததும் மின் துடிப்பாக மாற்றப்படும். சிப் ஒன்று ஒவ்வொரு டேட்டா பொட்டலத்தின் முகவரியையும் படித்து வழி சொல்லும். பிறகு மின்சாரம் மீண்டும் ஒளியாகும். இதற்கெல்லாம் மின்சாரம் செலவாகும், சூடும் வரும். ஆடி எதையும் படிப்பதில்லை, திருப்பிவிடுவதோடு சரி. எனவே நொடிக்கு 40 கிகாபிட் வேகத்தில் வரும் ஒளியும் அதற்கு ஒன்றுதான், 400 கிகாபிட் வேகத்தில் வரும் ஒளியும் ஒன்றுதான். சாதாரண ஸ்விட்ச்சுகள் சில ஆண்டுகளில் பழையதாகி, புதிய சர்வர்களின் வேகத்திற்குத் தடையாகிவிடும். கூகுளின் டேட்டா சென்டர்களில், நடுவே நின்று எல்லாப் பகுதிகளையும் இணைத்த பெரிய ஸ்விட்ச்சுகளுக்கு இந்த நிலைதான் வந்தது. அவற்றை எடுத்துவிட்டு, ஆடிப் பெட்டிகள் மூலம் பகுதிகளை நேராக இணைத்தார்கள். ஜூபிடர் என்ற தன் நெட்வொர்க்கின் பத்தாண்டு வளர்ச்சியைப் பற்றி 2022-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வேகமும் கொள்ளளவும் 5 மடங்கு உயர்ந்ததாகவும், முதலீட்டுச் செலவு 30 சதவீதமும் மின்செலவு 41 சதவீதமும் குறைந்ததாகவும் கூறுகிறது. எல்லாம் ஆடியால் மட்டும் வந்த பலன் அல்ல. ஆனால் அது இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவுக்கான கம்ப்யூட்டர்களிலும் இதே பெட்டி பயன்படுகிறது. டி.பி.யு. வி4 என்ற கூகுளின் கம்ப்யூட்டரில் 4,096 சிப்கள் 64, 64 ஆகத் தொகுக்கப்பட்டு, 48 ஆடிப் பெட்டிகளால் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு தொகுதி பழுதானால், ஆடிகளைத் திருப்பி அதனை ஒதுக்கிவிட்டு வேறொரு தொகுதியைச் சேர்த்துக் கொள்ளலாம். யாரும் ஏணியில் ஏற வேண்டியதில்லை.

கோலாட்டம் ஆடும் ரோபோ

இரண்டாவது வழி, மனிதன் செய்வதையே ரோபோ செய்வது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டெலசென்ட் என்ற நிறுவனம், ஒரு ரேக் அளவுள்ள பெட்டியில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான இழைகளை வைத்து, உள்ளே ஒரு ரோபோக் கையைப் பொருத்தியிருக்கிறது. அது ஒரு கனெக்டரைப் பிடுங்கி, கீழே இறக்கி, வேறிடத்தில் செருகும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் கேபிள்களுக்கு நடுவே ஒன்றைப் பிடுங்கி வேறிடத்தில் செருகினால், பத்து முறைக்குள் சிக்கல் விழுந்துவிடும். ஹெட்போன் ஒயரைச் சட்டைப் பையில் போட்டு எடுத்தவர்களுக்கு இது தெரியும். இந்த ரோபோ பின்னல் பற்றிய கணிதத்தைப் பயன்படுத்துகிறது. பின்னல் கோலாட்டத்தில், மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துப் பெண்கள் முன்னும் பின்னுமாகப் புகுந்து ஆடுவார்கள். கயிறுகள் சடைபோலப் பின்னிக் கொள்ளும்; அதே அடிகளைத் திருப்பி ஆடினால் பிரிந்துவிடும். யார் யாருக்கு முன்னால் போனார், யாருக்குப் பின்னால் போனார் என்ற கணக்கு தவறாமல் இருந்தால் சிக்கல் விழாது. இங்கே அந்தக் கணக்கை சாப்ட்வேர் வைத்திருக்கிறது. ரோபோ அதன்படி மற்ற இழைகளுக்கு முன்னும் பின்னும் புகுந்து செல்கிறது.

ஆடியுடன் ஒப்பிட்டால் இது மெதுவானது. ஆடி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிப்பதை ரோபோ நிமிடக் கணக்கில் செய்யும். ஆனால் மின்சாரம் போனால் ஆடிகள் தங்கள் கோணத்தை இழந்துவிடும், இணைப்பு அறுந்துவிடும். ரோபோ செருகிய கேபிள் அப்படியே இருக்கும். எப்போதாவது ஒருமுறை மாற்றும் இணைப்புகளுக்கு நான் ரோபோவைத்தான் தேர்வு செய்வேன்.

இரண்டிலுமே எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பட்டியலைத் தனியாக எழுத வேண்டியதில்லை. பெட்டிக்குள் எந்த வழி எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பதை அந்தப் பெட்டியே சொல்லும். அவசரத்தில் மாற்றிவிட்டு எழுத மறந்தேன் என்ற பேச்சு அங்கே இல்லை.

சாப்ட்வேர் தவறு செய்யாதா? செய்யும். மனிதன் ஒரு கேபிளைத் தவறாகப் பிடுங்கும் நேரத்தில், தவறான புரோகிராம் நூறு இணைப்புகளைத் திருப்பிவிடும். அதனால்தான் கூகுளிலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதில்லை. முதலில் சில இணைப்புகளில் ஓடும் டேட்டாவை வேறு வழிக்குத் திருப்பிவிடுகிறார்கள். பிறகு ஆடிகளை மாற்றி, ஒளி சரியாக வருகிறதா என்று சோதித்து, அதன் பின்னரே டேட்டாவை அனுமதிக்கிறார்கள். அடுத்த சிலவற்றிற்கு மீண்டும் இதே முறை. எங்கள் இரவு வேலையில் அந்த முதல் படி இருந்திருந்தால், பதினேழாவது கேபிளில் இன்னும் டேட்டா ஓடிக் கொண்டிருப்பது பிடுங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அண்ணன் இப்போது வேறொரு டேட்டா சென்டரில் இருக்கிறார். சென்ற மாதம் போனில் பேசும்போது இந்தப் பெட்டிகளைப் பற்றி விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பெட்டிக்குள்ள முதல்ல கேபிளை யாரு தம்பி கொண்டு போய்ச் செருகுவாங்க?" என்றார்.

"ஆளுங்கதான்ணே. சர்வர் பக்கத்து முனையும் இன்னும் கையாலதான்."

"அப்ப துடைச்சிட்டுச் செருகச் சொல்லுங்க" என்றார்.