எந்தச் சொல்லுக்கு எந்த அகராதி?

மாணவ நண்பர்களே, பள்ளிப் பருவத்தில் நான் எழுதிய ஒரு விடையை இன்னும் மறந்தேனில்லை. சங்கப் பாடல் ஒன்றில் யானையின் ‘கோடு’ என்று வந்தது. என்னிடம் இருந்ததோ சட்டைப் பையில் அடங்கும் சிற்றகராதி. அதில் கோடு என்பதற்கு ‘வரி’ என்ற பொருள் மட்டுமே கண்டிருந்தது. ஆகவே, யானையின் நெற்றியில் உள்ள வரிகளைப் புலவர் பாடுகிறார் என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அதை அடித்து, ‘தந்தம்’ என்று திருத்தினார். மதிப்பெண் போனது பெரிதன்று. புலவர் காட்டிய யானையை நான் காணாமலே போய்விட்டேன்.

அந்தச் சிற்றகராதி பொய் சொல்லவில்லை. இக்காலச் சொற்களுக்காக எழுந்த நூலிடம் பழஞ்சொல்லைக் கேட்டது என் பிழை. அகராதிகள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. அவை செய்யும் வேலையோ வேறு வேறு.

இதனை நன்குணர்ந்தவர் வீரமாமுனிவர். 1732-இல் அவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளை உடையது. ஒரு சொல்லின் பல பொருள்களை அறிய ஒரு பிரிவு. ஒரு பொருளின் பல பெயர்களை அறிய மற்றொன்று. ‘முக்கனி’ போன்ற தொகைகளுக்கு வேறொன்று. எதுகை தேடுவோருக்கு இன்னொன்று. தேவை நான்கு என்பதால் அகராதியும் நான்காயிற்று.

பழைய இலக்கியம் படிப்போர் நாடவேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அனுபந்தமாகவும் வெளிவந்தது. வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். ‘கோடு’ என்று அதில் பாருங்கள்: வளைவு, கொம்பு, தந்தம், மரக்கிளை, மலையுச்சி, நீர்க்கரை எனப் பொருள்கள் விரியும். இன்ன நூலில் இன்ன பொருளில் வந்தது என்ற மேற்கோளும் உடனிருக்கும். அந்த மேற்கோளே அதன் உயிர்.

ஆயினும், இன்று கடிதம் எழுதுவதற்கு அதை மட்டும் நம்பினால் ஆபத்து உண்டு. என் கல்லூரித் தோழர் ஒருவர் வரவேற்புரையில் ‘நாற்றம் மிகுந்த மாலை’ என்று வாசித்தார். மன்றம் முழுவதும் சிரித்தது. நாற்றம் என்பதற்கு நறுமணம் என்ற பொருள் உண்மையில் உண்டு. திருக்குறளிலும் அப்பொருளில் வருகிறது. ஆனால் இன்றைய காதுக்கு அது துர்நாற்றம்தான். இத்தகைய இடத்தில் உதவுவது ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. 1992-இல் முதற்பதிப்பும், 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிந்த பதிப்புகளும் வந்துள்ளன. இன்றைய எழுத்தில் சொல் எவ்வாறு வழங்குகிறது என்பதை வாக்கியங்களோடு அது காட்டுகிறது. ஆனால், என் யானைக்கு அதனிடம் விடை தேடுவது முறையன்று.

சொல்லின் உறவினரை அறிய விரும்பினால், பரோ, எமனோ என்னும் இரு அறிஞர்கள் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி உண்டு. 1961-இல் வெளிவந்து, 1984-இல் திருத்தம் பெற்றது. தமிழ்க் ‘கோடு’ மலையாளத்திலும் கோடாகவும், கன்னடத்தில் ‘கோடு’வாகவும் கொம்பைக் குறித்து நிற்பதை அங்கே காணலாம். நூலுக்கு உரை காண அது ஏற்றதன்று. மொழியின் குடும்ப வரலாறு காண அதுவே கருவி.

ஆகவே, எந்த அகராதி சிறந்தது என்று கேட்பதற்கு முன், மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இச்சொல் எக்காலத்துக்குரியது? நான் படிக்கிறேனா, எழுதுகிறேனா? எனக்கு வேண்டியது பொருளா, வழக்கா, வேரா? விடை தெளிந்தால் கை தானாகவே உரிய நூலை எடுக்கும்.

இன்று மாலை உங்கள் நூலகத்தில் ‘கோடு’ என்னும் ஒரே சொல்லை இம்மூன்று நூல்களிலும் எடுத்துப் பாருங்கள். நான் தவறவிட்ட யானை உங்களுக்குத் தட்டுப்படும்.