ஃபைலை காப்பி பண்ணினால் ஏன் பூட் ஆகாது? ஒரு ஃப்ளாப்பி கணக்கு

போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பென்டிரைவோடு வந்தான். "அண்ணா, லினக்ஸ் ஐஎஸ்ஓவை டவுன்லோடு பண்ணி இதுல காப்பி பண்ணிட்டேன். ஃபைல் இருக்கு, சைஸும் சரியா இருக்கு. ஆனா பூட் ஆக மாட்டேங்குது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்து இல்லை. 1999-ல் இதே கேள்வியோடு, கையில் பென்டிரைவுக்குப் பதில் ஒரு ஃப்ளாப்பியை வைத்துக்கொண்டு முழித்த என்னை நினைத்து.

அவனுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். எனக்கு அந்தப் பதில் புரிய பல நாள் ஆயிற்று. அதற்கான விலையை வேறொருவன் கொடுத்தான். அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

அப்போது நான் பிஇ கடைசி வருடம். நானும் என் அறை நண்பனும் காசு போட்டு வாங்கிய பழைய 486 கம்ப்யூட்டர் ஒன்று அறையில் இருந்தது. 1.2 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் 800 எம்பி விண்டோஸ் 95, மீதி காலி. ரெட்ஹேட் 6.0 சிடி ஒன்று இரவல் கிடைத்தது. சிடி டிரைவ் இருந்தது, ஆனால் அந்த மெஷினின் பயாஸுக்கு சிடியிலிருந்து பூட் பண்ணத் தெரியாது. சிடியில் பூட் செய்வதற்கான எல் டொரிட்டோ என்ற வரையறையே 1995-ல்தான் வந்தது. எங்கள் மெஷின் அதற்கும் மூத்தது. ஆக, முதலில் ஒரு பூட் ஃப்ளாப்பி தயார் பண்ண வேண்டும்.

சிடிக்குள் இமேஜஸ் என்ற டைரக்டரியில் பூட்.ஐஎம்ஜி என்று ஒரு ஃபைல் இருந்தது. இதைத்தானே ஃப்ளாப்பியில் போடணும் என்று காப்பி பண்ணினேன். இடம் போதவில்லை என்று டாஸ் சொன்னது. ஃப்ளாப்பியோ புதுசு, காலியானது. ஃபைலின் அளவு 1,474,560 பைட். காலி ஃப்ளாப்பியில் டாஸ் காட்டும் இடம் 1,457,664 பைட். வித்தியாசம் 16,896.

அன்றைக்கு இந்த எண்ணை நான் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் முழுப் பதிலும் அதில்தான் இருந்தது.

கணக்கைப் பார்ப்போம். 3.5 அங்குல ஃப்ளாப்பியின் ஒரு பக்கத்தில் 80 வட்டத் தடங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 160. தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 2,880 செக்டர், அதாவது 1,474,560 பைட். பூட்.ஐஎம்ஜியின் அளவும் பைட் பிசகாமல் இதேதான்.

அப்படியானால் அந்த 16,896 பைட் எங்கே போச்சு? 512-ஆல் வகுத்தால் 33 செக்டர். டாஸ் ஃபார்மேட் பண்ணும்போது தன் வேலைக்காக எடுத்துக்கொள்கிற இடம் அது. பூட் செக்டர் 1. எந்த ஃபைல் எங்கெங்கே துண்டு துண்டாக இருக்கிறது என்று குறித்து வைக்கும் ஃபேட் அட்டவணை 9 செக்டர், அதற்கு ஒரு நகல் இன்னொரு 9. ஃபைல் பெயர்களை வைக்கும் ரூட் டைரக்டரி 14. மொத்தம் 33.

ஒரு புத்தகத்தின் அட்டை, பொருளடக்கம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஃபைல் என்று பார்ப்பதெல்லாம் உள்பக்கங்கள். காப்பி கட்டளையால் உள்பக்கத்தில் மட்டும்தான் எழுத முடியும். பூட்.ஐஎம்ஜியோ அட்டை, பொருளடக்கம், உள்பக்கம் எல்லாம் சேர்ந்த முழுப் புத்தகம். இன்னொரு புத்தகத்தின் உள்பக்கங்களுக்குள் அது எப்படி அடங்கும்?

இது புரியாமல் நான் அடுத்து செய்தது இன்னும் அழகு. அந்த ஃபைலை ஜிப் பண்ணி ஃப்ளாப்பியில் போட்டேன். உள்ளே போய்விட்டது! ரீபூட் பண்ணினால், "இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, வேறு டிஸ்க் போட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து" என்கிற பழைய செய்தி. பயாஸ் திட்டுகிறது என்று நினைத்தேன். இல்லை. அந்தச் செய்தி ஃப்ளாப்பியின் முதல் செக்டரிலேயே இருக்கிறது. டாஸோ விண்டோஸோ, ஃபார்மேட் பண்ணும்போது எழுதி வைக்கிற குட்டி புரோகிராம் அது.

பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. மெஷின் விழித்ததும் ஃப்ளாப்பியின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, மெமரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு எல்லாம் அந்த 512 பைட்டின் பொறுப்பு. அதிலும் கடைசி 2 பைட் இது பூட் செக்டர்தான் என்கிற முத்திரை. ஆரம்பத்தில் 62 பைட் ஃபார்மேட் பற்றிய விவரங்களுக்குப் போய்விடும். மீதி 448 பைட்டில் அடுத்த கட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும். ரெட்ஹேட்டின் பூட் ஃப்ளாப்பியில் இந்த வேலையைச் செய்தது சிஸ்லினக்ஸ். எச். பீட்டர் ஆன்வின் 1994-ல் தொடங்கியது. முதல் செக்டர் சிஸ்லினக்ஸின் மீதிப் பகுதியை எழுப்பும், அது கெர்னலை எழுப்பும், கெர்னல் மற்றதை எழுப்பும்.

சரி, முதல் செக்டரிலிருந்து எழுதுவது எப்படி? டாஸில் ராரைட் என்ற சின்ன புரோகிராம். சிடியிலேயே இருந்தது. எந்த இமேஜ், எந்த டிரைவ் என்று கேட்கும், ஃப்ளாப்பியைப் போடச் சொல்லும், அவ்வளவுதான். ஃபேட்டைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் 2,880 செக்டரையும் வரிசையாக எழுதும். ஃப்ளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். ஒரு தடத்துக்கு ஒரு சுற்று என்றாலே 160 தடத்துக்கு 32 விநாடி. நடைமுறையில் ஒரு நிமிடத்துக்கு மேலே ஆகும். அதுவரை டிரைவ் கர்கர் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மாதக்கணக்கில் நன்றாக ஓடிய ஃப்ளாப்பியில் ராரைட் பாதியில் நின்றுவிட்டது. காரணம், அதில் ஒரு செக்டர் கெட்டுப் போயிருந்தது. சாதாரணமாக ஃபார்மேட் பண்ணும்போதே கெட்ட இடத்தை ஃபேட் அட்டவணையில் குறித்துவிடுவார்கள், ஃபைல்கள் அதைத் தாண்டிப் போகும். இமேஜ் எழுதும்போது தாண்டிப் போக வழி கிடையாது. 1,500-வது செக்டரில் இருக்க வேண்டியது அங்கேதான் இருந்தாகணும். அதனால் பூட் ஃப்ளாப்பிக்குக் குறையில்லாத டிஸ்க் வேண்டும். மூன்றாவது ஃப்ளாப்பியில் வேலை முடிந்தது. ரெட்ஹேட் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து வகுப்பு நண்பன் ஒருவன் தனக்கும் ஒரு பூட் ஃப்ளாப்பி கேட்டான். இப்போது நான் லினக்ஸ்காரன் ஆயிற்றே! டாஸுக்குப் போகாமல் டிடி கட்டளையிலேயே பண்ணிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன், ரூட்டாக. டிடிக்கு இரண்டே விஷயம் சொன்னால் போதும்: எதிலிருந்து, எதற்கு. ஃப்ளாப்பிக்கு எஃப்டி0, ஹார்ட் டிஸ்க்குக்கு எச்டிஏ. பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டாவதை அடித்துவிட்டேன்.

இரண்டு விநாடியில் முடிந்தது. 2,880 செக்டர் எழுதியாச்சு என்று கணக்கும் காட்டியது. ஃப்ளாப்பி விளக்கு எரியவில்லை. கர்கர் சத்தம் இல்லை. பரவாயில்லையே, லினக்ஸ் எவ்வளவு வேகம் என்று பெருமைப்பட்டேன்!

மெஷின் அப்போது நிற்கவில்லை. பார்டிஷன் விவரங்கள் ஏற்கெனவே கெர்னலின் மெமரியில் இருந்ததால் எல்லாம் வழக்கம்போல் ஓடியது. அந்த நிமிடமே உணர்ந்திருந்தால் அந்த விவரங்களைப் பார்த்து பார்டிஷன் அட்டவணையையாவது திரும்ப எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை விண்டோஸ் வரவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கில் பார்டிஷன் அட்டவணை முதல் செக்டரில். முதல் பார்டிஷன் தொடங்குவது 63 செக்டர் தள்ளி. ஃபேட்16 அட்டவணை ஒன்று அதிகபட்சம் 256 செக்டர், நகலோடு 512. ரூட் டைரக்டரி 32. எல்லாம் சேர்த்தாலும் 610 செக்டருக்குள் அடங்கிவிடும். நான் எழுதியது 2,880. அட்டை, பொருளடக்கம், பொருளடக்கத்தின் நகல் எல்லாமே போச்சு. 800 எம்பியில் உள்பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எது எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் ஆளில்லை. ஹார்ட் டிஸ்க்கின் பின்பகுதியில் இருந்த என் லினக்ஸ் பார்டிஷனில் ஒரு பைட்கூடக் கெடவில்லை. கெட்டது விண்டோஸ் பக்கம். அதில்தான் என் அறை நண்பனின் புராஜெக்ட் இருந்தது. ரிவ்யூவுக்கு ஒன்பது நாள்.

அவன் கத்தவில்லை. "டேய், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றான். பத்து நாள் முந்தைய நகல் ஒன்று அவனிடம் இரண்டு ஃப்ளாப்பிகளில் இருந்தது. போன வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்க, அவன் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, ஏழு ராத்திரியில் திரும்ப எழுதினோம்.

அன்றிலிருந்து டிடி அடிப்பதற்கு முன்னால், எழுதப் போகிற டிரைவின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படிப்பேன். எழுதி முடித்ததும் திரும்பப் படித்து மூல இமேஜோடு ஒப்பிடுவேன். எழுதுகிற டிரைவில் சத்தமோ விளக்கோ இல்லாவிட்டால் கையை எடுத்துவிடுவேன்.

இனி அந்தப் பையனின் பென்டிரைவ். விஷயம் அதேதான். ஐஎஸ்ஓ ஃபைலை உள்பக்கத்தில் போட்டால் பூட் ஆகாது, முதல் செக்டரிலிருந்து எழுதணும். ஐஎஸ்ஓ வடிவத்தில் முதல் 32,768 பைட் காலியாக விடப்பட்ட இடம். இன்றைய லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் அங்கே ஒரு பூட் செக்டரை வைத்திருக்கின்றன. அதனால் ஒரே இமேஜ் சிடிக்கும் ஆகும், பென்டிரைவுக்கும் ஆகும்.

ஒரு மாற்றம் உண்டு. பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐக்கு ஃபேட் படிக்கத் தெரியும். அதனால் ஐஎஸ்ஓவுக்கு உள்ளே இருப்பவற்றை ஃபேட்32 பென்டிரைவில் பிரித்துப் போட்டாலே பல லினக்ஸ்கள் பூட் ஆகிவிடும். ஐஎஸ்ஓவை ஒற்றை ஃபைலாகப் போட்டால் இன்றும் ஆகாது. விழித்தவுடன் மெஷினுக்கு எதைப் படிக்கத் தெரியும் என்று கேட்டுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பையன் டிடி கட்டளையை அடித்துவிட்டு என்டரைத் தட்டப் போனான். "இரு, டிரைவ் பெயரை ஒரு தடவை சத்தமாப் படி" என்றேன். விநோதமாகப் பார்த்தான். ஆனாலும் படித்தான்.