உஷார்! ஆபீஸ் கம்ப்யூட்டரில் உங்கள் சொந்த ஜிமெயில் திறந்திருக்கிறதா?

நாளைக் காலை ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்ததும், மெயில் பார்க்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குரோம் பிரவுசரின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் ஒன்று இருக்கும். அதில் தெரிவது கம்பெனிக் கணக்கா, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் சிரிக்கிற சொந்த ஜிமெயில் படமா? சொந்தப் படம் என்றால், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள்.

2023-இல் அமெரிக்காவின் ஆக்டா நிறுவனத்தில் நடந்தது இது. ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் ஊழியர்கள் லாகின் செய்யும் வாசலைக் காப்பதே ஆக்டாவின் தொழில். பூட்டு விற்கிற கடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே வேலை பார்த்த ஒருவர், கம்பெனி கொடுத்த லேப்டாப்பின் குரோமில் தன் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பயன்படுத்தும் ஒரு கணக்கின் பாஸ்வேர்டு, அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகிவிட்டது. அவருடைய சொந்தக் கணக்கோ சொந்தக் கருவியோ திருடர் கையில் சிக்கியிருக்க வேண்டும் என்றுதான் ஆக்டாவே பிறகு சொன்னது. செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை திருடர்கள் உள்ளே நடமாடினார்கள். 134 வாடிக்கையாளர் நிறுவனங்களின் கோப்புகளில் கை வைத்தார்கள்.

'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று குரோம் கேட்கும்போது யோசிக்காமல் 'சேவ்' அமுக்குகிறோமே, அவ்வளவு போதும். அந்த நொடியிலேயே ஆபீஸ் சாவி, அதே சொந்தக் கணக்கு திறந்திருக்கிற உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும், பிள்ளைகள் கண்ட கேமையும் இறக்கி விளையாடுகிற பழைய டேப்லெட்டுக்கும் நகலாகிப் போய்விடலாம்.

இது ஆபீஸுக்கு வரும் கேடு. உங்களுக்கு வரும் கேடு எதிர்த்திசையில் இருக்கிறது: ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்யும் சொந்தக் காரியங்களைக் கம்பெனி பார்க்க முடியும்.

'நான் பிரவுசரின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவில்தான் பார்ப்பேன்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. இன்காக்னிட்டோ முக்கியமாகச் செய்வது இதுதான்: நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்ற பட்டியலை அந்த பிரவுசரில் விட்டு வைக்காது. ஆபீஸ் நெட்வொர்க்கின் பதிவேட்டில் அது அப்படியே இருக்கலாம். சில பிரவுசர்களில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் இங்கே நம்பாதீர்கள். பல கம்பெனிகள் லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன்பே தங்கள் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழை அதில் பதித்துவிடுகின்றன. அதை வைத்து, நீங்கள் அனுப்பும் தகவல் வழியில் பிரிக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுப் போகலாம். பூட்டுப் படம் மாறாது. வீட்டு வைஃபையில் உட்கார்ந்தாலும் கண்காணிக்கும் மென்பொருள் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கலாம். ஆபீஸ் சாட் செயலியான டீம்ஸில் ஒருவரோடு ஒருவர் 'தனியாக' பேசிய சாட்டைக்கூட, தேவைப்பட்டால் நிர்வாகத்தால் தேடி எடுக்க முடியும்.

இப்படி மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஒரு விற்பனைப் பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்கு வைத்திருந்தார். 2007 ஜூலையில் நிர்வாகம் அவரை அழைத்து, 'சொந்த விஷயத்துக்கும் பயன்படுத்துகிறீர்கள்' என்றது. இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்கத் தாளை முன்னால் வைத்தார்கள். சகோதரரோடும், கல்யாணம் நிச்சயமான பெண்ணோடும் அவர் பேசியதெல்லாம், படுக்கையறை சமாசாரம் உட்பட, அச்சடித்து இருந்தது. வேலை போயிற்று. சொந்த நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் 2016-இல் முதலில் தோற்று, 2017 செப்டம்பர் 5 அன்று பெரிய அமர்வில்தான் ஜெயித்தார். பத்து வருஷம்! அந்தத் தீர்ப்பும் கண்காணிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எதை, எந்த அளவுக்குப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றது.

நம் ஊரில் அந்த 'முன்கூட்டியே சொல்வது' எப்போதோ முடிந்துவிட்டது. வேலையில் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அது இருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது உண்மைதான். ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், கம்பெனி ரகசியம் கசியாமல் காக்கவும் ஊழியரின் தகவலை அவர் சம்மதம் இல்லாமலே கையாள இடம் தருகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. என்றாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அதை மறந்து நடக்க முடியாது.

வேலையை விடப் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நோட்டீஸ் பீரியடில் 'நான் செய்த வேலைதானே' என்று கோப்புகளைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவதும், கோபத்தில் ஃபோல்டர்களை அழித்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அனுமதி இல்லாமல் நகலெடுப்பது, அழிப்பது இரண்டும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகின்றன. கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று நிரூபணமானால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கு, எந்த நிமிஷத்தில் அனுப்பினீர்கள் என்பதற்கு உங்கள் மெயிலே சாட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பதினோரு வருஷம் ஒரே கம்பெனி. ஒரு செவ்வாய்க்கிழமை பத்து நிமிஷ மீட்டிங்கில் வேலை போயிற்று. மீட்டிங் முடியும்போது லேப்டாப் பூட்டிக்கொண்டது. அதற்குள்ளே அவருடைய அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள், வருமான வரிக் கணக்கு, அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ எல்லாம் இருந்தன. வேறு நகல் இல்லை. கெஞ்சி மெயில் போட்டார். ரிப்போர்ட்டுகள் மட்டும் வந்தன. வீடியோ வரவில்லை.

அதனால் நாளைக்கே சொந்தப் படங்களையும் காகிதங்களையும் வீட்டு ஹார்ட் டிஸ்குக்குக் கொண்டுபோய்விடுங்கள். பென்டிரைவ் செருகத் தடை இருந்தால் ஐ.டி. பிரிவிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் எடுங்கள். பிறகு குரோமில், சேமித்ததை எல்லாக் கருவிகளுக்கும் தானாக நகலெடுக்கும் சொந்தக் கணக்கின் 'சிங்க்'கை நிறுத்தி வெளியேறுங்கள். வீட்டுக்கு வந்து கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, ஆபீஸ் பாஸ்வேர்டு ஒன்று இருந்தாலும் அழியுங்கள், ஐ.டி. பிரிவிடம் சொல்லி அதை மாற்றுங்கள். போனில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தையும் பாருங்கள். முன்பு உட்கார்ந்திருந்த மேஜையின் கம்ப்யூட்டர் இன்னும் அங்கே இருக்கக்கூடும்.