கிரயமா, வாடகையா?

ஒரு பொருளுக்கு முழுக் கிரயமும் கொடுத்தவன் அதற்குச் சொந்தக்காரனா, அல்லவா? பள்ளிச் சிறுவனும் விடை கூறக்கூடிய இக்கேள்விக்கு, இணையத்தின் வழியே சினிமாப் படங்களை விற்கும் கம்பெனிகள் மட்டும் நேரான பதில் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 1997-ல் டிவிடி தட்டுகள் விற்பனைக்கு வந்தன. தட்டை வாங்கியவர் அதை எத்தனை முறையும் பார்க்கலாம். நண்பருக்கு இரவல் தரலாம். அலுத்துப் போனால் பழைய சரக்காக விற்று, போட்ட பணத்தில் ஒரு பகுதியை மீட்கலாம். இந்தப் பாத்தியதை கடைக்காரரின் தயவினால் வந்ததன்று. ஒரு பிரதியை விற்றுவிட்ட பதிப்பாளருக்கு அப்பிரதியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லையென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1908-ல் ஒரு புத்தக வழக்கில் தீர்ப்பளித்தது. பின்னர் அக்கொள்கை சட்டத்திலும் ஏறியது.

2006 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி தன் ஐடியூன்ஸ் கடையில் படங்களை விற்கத் தொடங்கிற்று. விலை சுமார் 10 டாலர் முதல் 15 டாலர் வரை. தட்டு அச்சிடும் செலவில்லை; பெட்டியில்லை; லாரிக் கூலியில்லை. ஆயினும் அம்மிச்சத்தில் வாங்குவோருக்குக் கிட்டியது சொற்பமே. இறக்கிய படத்தை டிவிடி கருவியில் ஓடும் தட்டாக மாற்றிக்கொள்ளவும் அனுமதியில்லை.

மறுவிற்பனையின் கதியோ இன்னும் மோசம். இறக்கிய பாட்டுக் கோப்புகளை ஒருவர் மற்றொருவருக்கு விற்க வழி செய்த ரீடிஜி கம்பெனியின் வழக்கில், அவ்வாறு மாற்றுவது புதிய பிரதி எடுப்பதேயாகும், ஆதலின் செல்லாது என்று நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புக் கூறியது.

2023 டிசம்பரில் நடந்தது யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. பிளேஸ்டேஷன் கடையில் ஜனங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி தொடர்கள் அம்மாத முடிவோடு மறையுமென்று சோனி கம்பெனி அறிவித்தது. கண்டனக் குரல் எழுந்தது. புது ஒப்பந்தம் ஏற்பட்டு அறிவிப்பும் கைவிடப்பட்டது. ஆனால் தம் அலமாரியிலிருந்த சரக்கின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை ஜனங்கள் அன்று கண்டுகொண்டார்கள்.

இறக்குமதி முறையே தீதென்று நாம் சொல்லவில்லை. தட்டு கீறும், நாளடைவில் பழுதுபடும், அதை ஓட்டும் கருவியும் அரிதாகி வருகிறது. கடையில்லாத ஊரில் இருப்பவருக்கு நொடியில் படம் கிடைப்பது பெரிய சௌகரியம். ஒரே முறை பார்த்து மறப்பவருக்கு வாடகையே லாபம். வாடகைக்கு விடுவதை விற்பனை என்று சொல்லிக் கிரயம் வாங்குவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் தேடுகிறது. தருவது வெறும் அனுமதியே என்பதைத் தெளிவாகக் கூறாமல் 'வாங்கு' என்ற சொல்லை வியாபாரி உபயோகிக்கலாகாது. இணையத் தொடர்பின்றி என்றென்றும் பார்க்கும்படி கோப்பையே கொடுத்துவிடுபவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கிலேயே நியாயமான வழியும் காட்டப்பட்டிருக்கிறது. சொந்தமென்று விற்பவர் கோப்பைக் கைவிட்டுக் கொடுக்கட்டும். கொடுக்க மனமில்லாதவர் வாடகைக் காசோடு திருப்தியடையட்டும். அதுவரை, பேணவேண்டிய படத்தைத் தட்டாக வாங்கி வைப்பதே விவேகம் என்பது நமது அபிப்பிராயம்.