பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி: சட்டம் அனுமதிக்கிறதா? பெற்றோர் அறிய வேண்டியவை

திருப்பதி: திருமலைக்குச் செல்லும் படிப்பாதை தொடங்கும் அலிபிரியில் வசிக்கும் ஒரு பெற்றோர், தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுத்தால் அது சட்டப்படி குற்றமாகுமா? பின்னாளில் அப்பிள்ளைகள் கல்லூரியில் சேர இயலுமா? வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் எதிர்கொள்ளும் கேள்விகள் இவை.

சட்டம் கூறுவது என்ன?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு கூறுகிறது. எனினும், அக்கடமையை நிறைவேற்றாத பெற்றோருக்கு இச்சட்டத்தில் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. வீட்டுவழிக் கல்வி குறித்து அச்சட்டம் எதுவும் குறிப்பிடவில்லை.

இது தொடர்பாக தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மாணவி தொடர்ந்த வழக்கில், வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் அவ்வாறு தொடரலாம் என்று 2012-இல் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பின்னர் அப்பத்திரம் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, வீட்டுவழிக் கல்வி வெளிப்படையாகத் தடை செய்யப்படவும் இல்லை. முறையாக அங்கீகரிக்கப்படவும் இல்லை.

சான்றிதழுக்கு வழி

வீட்டில் பெறும் கல்விக்குச் சான்றிதழ் கிடையாது என்பதே இதிலுள்ள முதன்மையான சிக்கல். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்ஐஓஎஸ்) அதற்குத் தீர்வளிக்கிறது. 14 வயது நிறைவடைந்தோர், முன்னர் பள்ளியில் பயின்றதற்கான சான்று இல்லாவிடினும், சுய உறுதிமொழி அளித்து 10-ஆம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழிப்பாடம் உட்பட குறைந்தது 5 பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அக்காலத்தில் 9 முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. மொழிப்பாடங்களில் தமிழ், தெலுங்கு ஆகிய இரண்டும் இடம்பெற்றுள்ளன. 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளும் உள்ளன. இதைத் தவிர, ஆந்திர மாநில அரசின் திறந்தநிலைப் பள்ளிக் கழகமும் 10-ஆம் வகுப்பு, இன்டர்மீடியட் தேர்வுகளை நடத்துகிறது.

சான்றிதழ் இல்லையெனில்?

7-ஆம் வகுப்புக்குப் பின் பள்ளி செல்லாது வீட்டில் பயின்ற மும்பை மாணவி ஒருவர், சர்வதேசக் கணினி ஒலிம்பியாட் போட்டிகளில் 3 பதக்கங்கள் வென்று, 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். ஆனால் 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் நாட்டின் ஐஐடிகளில் அவரால் சேர இயலவில்லை. இத்தகைய பதக்கங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

திறந்தநிலைப் பள்ளியில் பயின்றோர் நீட் தேர்வு எழுதுவதற்கு விதிக்கப்பட்ட தடையை தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. எனினும் மருத்துவம் பயில விரும்புவோர், அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வையும் முடித்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன்

பள்ளியிலிருந்து விலகும்போது மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் அவசியம். பிறப்புச் சான்றிதழில் பெயர், தேதி ஆகியவை பிழையின்றி உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்ய வயதுச் சான்று தேவைப்படும். பிள்ளை கற்றவற்றை மாதந்தோறும் குறித்து வைப்பதும் பயன் தரும்.

முயற்சி பலனளிக்காவிடினும் வழி அடைபடுவதில்லை. 6 வயதுக்கு மேற்பட்டு பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்றும், பிற மாணவர்களுக்கு இணையாக முன்னேற அதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு என்றும் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு கூறுகிறது. முடிவெடுப்பவர் பெற்றோர், விளைவை ஏற்பது பிள்ளை. ஆகவே, 14 வயதில் எந்தத் தேர்வுக்குப் பதிவு செய்வது என்பதை முதல் நாளிலேயே திட்டமிடுவது நலம்.