ஓர் ஏட்டுக்கு நான்கு படம்

வன்னியில் 2009க்கு முந்திய தாள் ஒன்று இன்றும் ஒரு வீட்டில் இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதைச் சுமந்திருக்கிறார். 2008இல் போருக்குத் தப்பி மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துச் சனங்கள் கிழக்கே நகர்ந்தபோது பைக்குள் போனவை பெரும்பாலும் காணிப் பேர்மிற், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் போன்றவைதான். பரியாரியார் வீடென்றால் வாகட ஏடும், அண்ணாவியார் வீடென்றால் கூத்துக் கொப்பியும் சேர்ந்திருக்கும். எஞ்சிய இவற்றைப் படமெடுத்து எண்ணிம வடிவில் காக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு இந்த வேலையைத்தான் செய்து வருகிறது. எந்தக் கமராவால், எந்த முறையில் என்பதில்தான் பேச்சுத் தடம் மாறுகிறது. ‘பிக்சல் ஷிப்ட்’ என்ற பெயரில், உணரியை அசைத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் வசதி இப்போது பல கமராக்களில் உண்டு. 240, 400 மெகாபிக்சல் என்று விளம்பரமும் உண்டு. அந்தப் பெரிய எண்களைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறையின் எளிய நான்கு பட வடிவத்தை நம் ஏடுகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். அதன் பெறுமதி நிறத்தில் இருக்கிறது, பருமனில் இல்லை.

கமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை மட்டுமே சொல்லும். கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வழிதான் இன்றும் பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது: பன்பாயின் கட்டங்கள்போல உணரியின்மேல் நிற வடிகட்டிகளை மாற்றி மாற்றி அடுக்குவது. நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆக 60 மெகாபிக்சல் கமரா உண்மையில் சிவப்பை அளந்தது ஒன்றரைக் கோடி இடங்களில்தான். மிச்சத்தை அண்டை பிக்சல்களைப் பார்த்துக் கணித்துக்கொள்கிறது. வயலையும் முகத்தையும் எடுக்கையில் இந்தக் கணிப்பால் ஒரு குறையும் வராது. நெருங்கிய நார்க் கோடுகள் ஓடும் பனையோலையிலோ, மெல்லிய எழுத்துக் கோட்டின் விளிம்பிலோ அது தடுமாறும். இல்லாத நிறத்தைப் பூசிவிடும். உணரியை ஒரு பிக்சல் வலப்பக்கம், ஒரு பிக்சல் கீழ், ஒரு பிக்சல் இடப்பக்கம் என்று நகர்த்தி நான்கு படம் எடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிற வடிகட்டிகளின் கீழும் வந்துபோகும். அதன்பின் கணிப்புக்கு வேலையில்லை. கையாட்டத்தைச் சமன்செய்ய ஏற்கெனவே உணரியை அசைத்துக்கொண்டிருக்கும் பொறிதான் இதையும் செய்கிறது. அரைப் பிக்சல் அளவுக்கும் நகர்த்தி எட்டு, பதினாறு என்று எடுத்தால் படத்தின் பிக்சல் எண்ணிக்கையே பெருகும்.

இது முதலில் பணக்கார அருங்காட்சியகங்களின் கருவியாக இருந்தது. ஹாசல்பிளாட் 2011இல் 50 மெகாபிக்சல் உணரியால் ஆறு படம் எடுத்து 200 மெகாபிக்சல் தந்தது. 2015இல் பென்டக்ஸ் கே-3 இரண்டாம் வடிவமும் ஒலிம்பஸ் ஈ-எம்5 இரண்டாம் வடிவமும் வந்தபிறகுதான் சாதாரணப் படப்பிடிப்பாளர் கைக்கு எட்டியது. இவற்றுள் பென்டக்ஸின் முடிவு எனக்குப் பிடித்தமானது: நான்கு படம் எடுத்தாலும் அது 24 மெகாபிக்சலைப் பெருக்கிக் காட்டவில்லை, அதே 24ஐத் திருத்தமாகத் தந்தது. 2019இல் வந்த சோனி ஏ7ஆர் நான்காம் வடிவத்தில் இரண்டுக்கும் இடமுண்டு; நான்கு படமென்றால் 61 மெகாபிக்சல், பதினாறு படமென்றால் 240.

இப்போது ஓர் ஏட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 40 சென்ரிமீற்றர் நீள ஓலை அந்தச் சோனியின் சட்டகத்தை முழுதாக நிரப்பினால் 9,504 பிக்சல் கிடைக்கும். அங்குலத்துக்கு ஏறத்தாழ 600. எழுத்தாணிக் கோடு ஒன்று 0.2 மில்லிமீற்றர் அகலமென்று வைத்தால், அதன் குறுக்கே நாலைந்து பிக்சல் விழும். எழுத்தின் உருவத்தை வாசிக்க இது போதும். பதினாறு படத்தால் இது அங்குலத்துக்கு 1,200 ஆகும் என்பது கணக்கில்தான். அந்த உணரியின் பிக்சல் 3.76 மைக்ரோன், வில்லையை எஃப்8இல் வைத்தால் ஒளி அலையின் இயல்பாலேயே ஒரு புள்ளியின் ஒளி பத்து மைக்ரோனுக்கு மேல் பரந்து விழுகிறது. கோப்பு நான்கு மடங்கு பெருகும் அளவுக்குப் புதிய செய்தி கிடைக்காது. ஆனால் அந்த நாலைந்து பிக்சலின் நிறம் சரியாக இருப்பது வேறு கதை. ஏட்டில் கீறிய பள்ளத்துக்குள் கரியும் எண்ணெயும் குழைத்த மை நிற்கிறது. நாரோடு ஓடும் வெடிப்புக்குள் நிற்பது பழுப்புத் தூசி. பூச்சி துளைத்த ஓட்டையின் விளிம்பு இன்னொரு நிறம். ஓலை கிழியும் என்ற பயத்தில் பழைய எழுத்தர்கள் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைக்கவில்லை. ஆகவே எங்காவது ஒரு புள்ளி தெரிந்தால் அது எழுத்தா துளையா என்று பதிப்பாசிரியர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அங்கே கணித்த நிறத்தை நம்ப முடியாது. (எகரமா ஏகாரமா, ரகரமா காலா என்ற சிக்கலை எந்தக் கமராவும் தீர்க்காது. அது புலவரின் வேலை.) பேர்மிற்றிலும் இதே நிலைதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய தாளில் ஊதா முத்திரைக்கு அடியில் கறுப்பு மையால் எழுதிய இலக்கம் ஓடுமானால், இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறமே.

‘இப்போது போனிலேயே 200 மெகாபிக்சல் இருக்கிறதே’ என்பார்கள். அந்த உணரிகளில் பக்கம் பக்கமாகப் பதினாறு பிக்சல்கள் ஒரே நிற வடிகட்டியின் கீழ் இருக்கின்றன. நிறக் கணிப்பு அங்கே குறையவில்லை, கூடுகிறது. அதன்மேல் போன் தானாகவே இரைச்சலை நீக்கிக் கோடுகளைக் கூராக்கும். மங்கிய எழுத்தைத் தன் விருப்பப்படி நேர்செய்துவிட்ட படம் ஆவணமாகாது. இதற்குக் கனமான மறுப்பு வேறொன்று: கறையானும் ஈரமும் காத்திருக்கா, ஒரு ஏட்டைச் செம்மையாக எடுப்பதற்குள் பத்து ஏடு போய்விடும் என்பது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதே ஏடுகளின் நொய்மை பற்றி முன்னுரையில் வருந்தியவர். அந்த அவசரம் இன்றும் மெய். ஆனால் நான்கு படம் எடுக்கக் கூடுதலாகச் செல்வது சில விநாடிகள். ஏட்டுக் கட்டை அவிழ்த்து, துடைத்து, ஒழுங்குபடுத்தி, திருப்பி வைப்பதில்தான் நாள் போகிறது. சட்டகத்தின் உயரம் 26 சென்ரிமீற்றருக்கு மேல் இருப்பதால் ஐந்து ஓலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தே எடுக்கலாம். அச்சிட்ட மலர்களுக்கும் சாதாரணக் கடிதங்களுக்கும் ஒற்றைப் படம் தாராளமாகப் போதும் என்பதை மறுக்க மாட்டேன்.

ஒளி சரியில்லையென்றால் இந்த முறையும் வீண் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மை பூசாத ஏட்டில் நிறவேறுபாடே இல்லை. பக்கவாட்டில் தாழ்ந்து வரும் ஒளி பள்ளத்தில் போடும் நிழலைத்தான் வாசிக்கிறோம். அங்கே முதலில் விளக்கை நகர்த்த வேண்டும், பிறகுதான் உணரியை. ஆம்ஸ்ரடாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் ‘இராக்காவல்’ ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து 2022இல் 717 கிகாபிக்சலில் வெளியிட்டதைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. அங்கே ஒவ்வொரு பிக்சலும் ஐந்து மைக்ரோன் இடைவெளியில் அமைந்தது, நிறத்துகள்களைத் தேடும் ஆய்வாளருக்காக. வாகட ஏட்டில் மருந்தின் அளவைத் தேடும் எமக்கு அது வேண்டியதில்லை.

மல்லாவியில் ஒரு வாசிகசாலை அறையில் இதைச் செய்ய நினைப்பவருக்கு உண்மையான தடை அசைவுதான். நான்கு படங்களுக்கிடையே ஏடு ஒரு பிக்சல் அளவு, அதாவது ஒரு மில்லிமீற்றரில் இருபத்து நாலில் ஒரு பங்கு, நகர்ந்தாலே விளிம்புகளில் வலைபோன்ற கோடுகள் விழும். ஆகவே மின்விசிறியை நிறுத்த வேண்டும். வன்னி வெயிலில் அது சின்ன வேண்டுகோள் அல்ல. ஜெனரேற்றர் ஓடினால் சுவருக்கு அப்பால் தள்ளி ஓட வேண்டும். தாங்கி பலகையில் அல்ல, சீமெந்து நிலத்தில் நிற்க வேண்டும். சூடான விளக்கின் கீழ் ஓலை மெல்லச் சுருளும் என்பதால் எல்ஈடி விளக்கே நல்லது. சேமிப்பிடம் பயமுறுத்துவதுபோல அவ்வளவு பெரிதல்ல: ஒரு மூலக்கோப்பு 120 மெகாபைற் என்றால் நான்குக்கு அரை கிகாபைற்றுக்குச் சற்றுக் குறைவு, நூறு ஓலைக் கட்டு இருபுறமும் நாற்பது சட்டகம், 20 கிகாபைற்றுக்குள் அடங்கும். பதினாறு படமென்றால் அதுவே 80ஐ நெருங்கும். சேர்த்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடலாம் என்ற யோசனை பேர்மிற்றுக்குப் பொருந்தும். ஏட்டுக்கு நான்கு மூலங்களையும் இரண்டு வெவ்வேறு ஊர்களில் வைத்திருப்பதே சரி, ஏனெனில் சேர்க்கும் மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு திருந்துகிறது, ஏடு திருந்தாது.