புல்லட்டின் ஆம்பியர் முள்

பதினொரு வருஷம் தாழ்வாரத்தில் கிடந்த 1971 மாடல் புல்லட் 350-ஐக் கிளப்பப் போய், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேலும் தொலைத்தேன். அதே நிலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

திருவொற்றியூரில் செய்த வண்டி. அப்பா 1983-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். முட்டி தேய்ந்தபிறகு கிக்கரை மிதிக்க முடியாமல் ஓரமாக நிறுத்தியவர், நிறுத்தியதுதான். இப்போது தம்பி பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறான். "தை பொறக்கறதுக்குள்ள வண்டி ஓடணும். இல்லன்னா காயலான் கடைதான்" என்று சொல்லிவிட்டான். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் வண்டிமேல் கிடந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தார்.

இவ்வளவு நாள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் மிதிக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டேன். பழைய ஆயில், பழைய பெட்ரோல் இரண்டையும் வடித்தாயிற்று. புது 6 வோல்ட் பேட்டரி மாட்டினேன். (மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று வயரிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.) பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி, பிளக் ஓட்டைக்குத் தள்ளி வைத்து மிதித்தேன். பொறி இல்லை.

நாற்காலியில் இருந்த அப்பா, "முள்ளு ஆடுதாடா?" என்றார்.

"பாக்கறேம்பா" என்றேன். பார்க்கவில்லை.

அதற்குப் பதில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். புது பிளக், புது கேப், புது காயில், புது கண்டென்சர். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியும் பொறி வரவில்லை. மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து வயர்களையும் பார்த்தேன். எல்லாம் பீப் அடித்தது. மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, மொத்தமாகக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம் என்றார்.

மூன்றாவது ஞாயிறுதான் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மாதிரி வண்டியில் பொறி எப்படி வருகிறது? பேட்டரி மின்சாரம் சாவி வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்குப் போகிறது, அங்கிருந்து பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் சேர்கிறது. கேம் பாயிண்டைத் திறந்ததும் மின்சாரம் அறுபடுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவில் பல ஆயிரம் சுற்றுள்ள இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகக் குதிக்கிறது. மின்சாரம் பாயிண்டிலேயே பொறியாகி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை.

ஆக, பாயிண்ட் மூடும்போது மின்சாரம் ஓடவில்லையென்றால் காயில் புதுசா பழசா என்பதற்கு அர்த்தமே இல்லை. மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டத்தான் ஹெட்லைட்டுக்கு மேலேயே ஆம்பியர் மீட்டரை வைத்திருக்கிறார்கள்.

சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினேன். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். முள் அசையவே இல்லை.

அப்பா அந்தக் காலத்தில் கிளப்புவது ஞாபகம் வந்தது. லிவரைப் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக அமுக்குவார். சாய்ந்த முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, லிவரை விட்டு, ஒரே மிதி. அதை ஒரு ஸ்டைல் என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். முள் நடுவுக்கு வருகிறது என்றால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். மிதிப்பதற்குச் சரியான இடம் அது. கூடவே, காயில் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது என்பதையும் தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் மிதித்திருக்கிறார்.

அடுத்தது மல்டிமீட்டர், இந்த முறை வோல்ட் ரேஞ்சில். ஓம் ரேஞ்சில் மீட்டர் அனுப்புவது மிகச் சின்ன மின்சாரம். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயர்கூட அதற்குப் பீப் அடிக்கும். சாவி போட்ட நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். காயிலுக்கு வரும் முனையில் 6 வோல்ட் இருந்தது. பாயிண்டை மூடிவைத்து, அசையும் கைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட்டுக்குமேல் போகக்கூடாது. எனக்குக் காட்டியது 5.9. கண்ணுக்கு மூடியிருந்த பாயிண்ட், மின்சாரத்துக்குத் திறந்தே இருந்தது.

மெக்கானிக்குகள் இதை 'பிளாட்டினம்' என்பார்கள், ஆனால் முகம் டங்ஸ்டன். ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் சும்மா இருந்தால் அதன்மேல் சாம்பல் நிற ஆக்சைடு படலம் படிகிறது. தினம் ஓடுகிற வண்டியில் பாயிண்ட் தட்டித் தட்டி அது சேராமல் போய்விடும்.

படலம் முழுதாக அடைக்காமல் ஒரு ஓம் தடையாக மட்டும் இருந்தாலே போதும். 2 ஓம் காயிலில் 6 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர் ஓடும். இன்னொரு ஓம் சேர்ந்தால் 2 ஆம்பியர். காயிலில் சேரும் ஆற்றல் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒன்பதில் நான்கு பங்குதான் மிஞ்சும், பாதிகூட இல்லை. 6 வோல்ட் வண்டிகள் நின்றால் சட்டென்று செத்துப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

400-ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து பாயிண்ட் நடுவே விட்டு நாலு இழுப்பு. பிறகு பெட்ரோல் தொட்ட வெள்ளைத்தாள், கறுப்பு வராத வரைக்கும். தூள் தங்கினால் மறுபடி அதே கதைதான். பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும்போது ஃபில்லர் கேஜில் 0.35–0.40 மி.மீ. வைத்தேன். கேப் மாறினால் டைமிங்கும் நகரும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

சாவி போட்டதும் முள் சாய்ந்தது. பிளக்கில் பொறியும் வந்தது, ஆனால் மஞ்சளாக, சோர்ந்து. பாயிண்டிலேயோ பெரிய பொறி பறந்தது. அப்படியென்றால் கண்டென்சர் வேலை செய்யவில்லை. இந்தத் தப்பு என்னுடையது. கண்டென்சரின் உடம்புதான் அதன் எர்த். புதுசைத் துருப்பிடித்த இடத்திலேயே முறுக்கியிருந்தேன். சுரண்டி மாட்டியதும் பொறி நீலமாக, சத்தத்தோடு குதித்தது.

சுருக்கமாக, பார்க்க வேண்டிய வரிசை: முதலில் பேட்டரியும் எர்த்தும். பிறகு முள். அதன்பின் காயில் முனையில் வோல்ட், மூடிய பாயிண்டில் வோல்ட். கண்டென்சர் அதற்கும் பிறகு. இதெல்லாம் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் மட்டும் காயில், பிளக் வயர், கேப் மேல் சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை: பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி டீ குடிக்கப் போய்விடாதீர்கள். காயில் சூடேறி வீணாகும்.

பிளக்கை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, மூன்றாவது மிதியில் கிளம்பியது. தாழ்வாரம் முழுக்க ஆயில் புகை. தம்பி உள்ளேயிருந்து ஓடிவந்தான். அப்பா எழுந்து வந்து, ஒரு கையை டாங்க் மேல் வைத்துக்கொண்டு, குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"சார்ஜ் ஏறல. ஆல்டர்நேட்டரப் பாரு" என்றார்.

அடுத்த ஞாயிறு அதுதான் வேலை.